சுபிதாவின் கோபம்

கல்யாணமாகி மூன்றாவது மாதம் சுபிதாவுக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. காய்ச்சல் விட்டது, கூடவே தூக்கமும் விட்டுப்போனது. பிரிட்ஜுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னாள். பிறகொரு நாள், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, மாமியார் பேபியின் சேலையில் பாம்பு இருக்கிறதென்று அலறிக்கொண்டே அதைப் பிடித்து உருவினாள். அன்றைக்கே அவளை ஒரு அறையில் போட்டுப் பூட்டினார்கள். கணவன் சஜின் லீவு முடியும் முன்பே துபாய்க்கு விமானம் ஏறினான். பேபி தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கார் பிடித்து வந்து, திற்பரப்பில் சுபிதாவின் அப்பா சுயம்புராஜின் வீட்டு முன்னால் மருமகளை இறக்கிவிட்டாள்.

“பைத்தியத்த மறைச்சு வச்சு எனக்க மவன் தலையில கெட்டிட்டீரு, இல்லியா?” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனாள்.

இதெல்லாம் பிறர் சொல்லித்தான் சுபிதாவுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஒன்றுகூட அவள் நினைவில் தங்கவில்லை. மந்திரவாதி வேப்பங்குழையால் அடித்த தழும்பு மட்டும் முதுகில் இருந்தது. மனநல மாத்திரைகள் தின்று உடம்பு கட்டையாகி, வாய் எதையோ மென்றுகொண்டே கிடக்க, கடைசியில் வலிப்பு வந்தது. அப்போதுதான் சுயம்புராஜ் அவளைத் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அங்கே நரம்பியல் டாக்டர் ஷம்னா முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தாள். வயிற்றை ஸ்கேன் செய்தாள். சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்து, மருந்து ஏற்றி, மெதுவாக அவளை மீட்டுக்கொண்டு வந்தார்கள். தன் தலைமுடியைத் தானே பின்னிக்கொண்ட நாளில் சுபிதா டாக்டரிடம் கேட்டாள்: “எனக்கு என்ன தீனம் டாக்டர்?”

ஷம்னாவுக்கும் தேங்காய்ப்பட்டணம்தான் ஊர். ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

“மூளையில ஒரு செல் சொல்லுறத அடுத்த செல் கேக்கணும்னா, அதுக்கு மேல காது மாதிரி ஒண்ணு வேணும். ஏற்பின்னு பேரு. ஒனக்க கட்டிக்குள்ள கொஞ்சம் மூளைத் திசு இருந்துது மக்கா. ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு சண்டை போட எறங்கிச்சு. அந்தச் சண்டை மூளைக்கும் போயி, அங்க உள்ள ஏற்பியள எல்லாம் இல்லாம ஆக்கிட்டுது. கேக்க காது இல்லாம மூளை என்ன செய்யும்?”

“அப்போ பைத்தியம் இல்லியா?”

“அது நீ இல்ல. ஒனக்க ரத்தம் செஞ்ச வேலை.”

முதுகுத்தண்டில் எடுத்ததில் மிச்சமிருந்த நீரை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஷம்னா கேட்டாள். ஆய்வகத்தில் வளர்க்கும் எலியின் மூளைச் செல்கள் மேல் அதை விட்டால் ஏற்பிகள் குறைகின்றனவாம். கழுவிவிட்டால் திரும்ப முளைக்கின்றனவாம். சுபிதா அழுதுகொண்டே தலையாட்டினாள். அந்த ஓர் அறையிலாவது அவள்மேல் குற்றமில்லை என்று முடிவாகிவிட்டது.

சஜின் அடுத்த லீவில் வந்தபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவளே தேங்காய்ப்பட்டணம் போனாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல், கிளாசில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, நிதானமாக விளக்கினாள். பேபி எல்லாவற்றுக்கும் “செரி மோளே, செரி” என்றாள். சொல்லிக்கொண்டே, மேசைமேல் கிடந்த காய்கறிக் கத்தியை எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். சுபிதா அதைப் பார்த்தாள்.

“நீ சொல்லியது எல்லாம் செரிதான். போயி நல்லா ரெஸ்ட் எடு” என்றான் சஜின்.

“நான் ரெஸ்ட் கேட்டா வந்தேன்? நான் சாவக் கெடந்தப்போ ஒரு போன் பண்ணினீங்களா?”

குரல் உயர்ந்துவிட்டது. பேபி சுயம்புராஜின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், இரக்கமாகவே சொன்னாள்: “இப்பளும் தீனம் உண்டு, பாத்தீரா அண்ணாச்சி.”

அதற்குமேல் சுபிதா எது சொன்னாலும் அவளுக்கு எதிரான சாட்சியாகத்தான் ஆகியிருக்கும். எழுந்து வந்தாள்.

வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். அங்கே அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன பேர் வரும் என்று தெரிந்துவிட்டது. சஜின் கேட்ட விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பு நாளில் குழித்துறை கோர்ட் வராந்தாவில் சஜினின் வக்கீல் பக்கத்திலிருந்தவரிடம், “பொண்ணு பாக்க நல்லாத்தான் இருக்கா, மண்டையிலதான் சாமானம் கொறவு” என்று சொல்லிச் சிரித்தார். அது காதில் விழுந்ததும் சுபிதா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒமக்க மோளுக்கு நாளைக்கு இது வந்தா இப்பிடித்தான் சிரிப்பீரா? சொல்லும்! சிரிப்பீரா?”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வக்கீல் பயந்தவர்போல இரண்டடி பின்னால் நகர்ந்தார். சுயம்புராஜ் ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். பஸ் நிறுத்தம்வரை கையை விடவில்லை. அங்கே நிழலில் அவளை நிறுத்தி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மக்கா,” என்றார், “இன்னைக்கு மாத்திர போட்டியா?”

மாத்திரை எல்லாவற்றையும் ஷம்னா நிறுத்தி மாதங்களாகிவிட்டன. நிறுத்தச் சொன்ன அன்றைக்கு அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

“போட்டேன்ப்பா” என்றாள் சுபிதா.