தானாக உடைந்த கல்

நிலாம் ஹாஜியார் என் மேசையில் வைத்தது எலுமிச்சையளவு வெள்ளைச் சலவைக்கல். அதன் நடுவே நகமளவு நீல ஸ்பினெல் ரத்தினம். இப்படியொரு நீலம் ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் வாய்க்கும்.

வெள்ளவத்தையில் ரத்தினக்கல் பரிசோதிக்கும் நான், லுத்பியா, சப்ரியின் மகள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரை நான் மறப்பேனா? ஒன்பது வருடத்துக்கு முன் வாப்பா பட்டை தீட்டும்போது இவருடைய ஸ்பினெல் ஒன்று வெடித்துவிட்டது. "கல் தானா ஒடயுமா? மாத்திட்டான்!" என்று ஜும்ஆத் தொழுகை முடிந்து கலைந்த கூட்டத்தில் நின்று சத்தம் போட்டார். அதன்பிறகு வாப்பாவை நம்பி ஒருவரும் கல் கொடுக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் அவருடைய சாணைச் சக்கரம் துணி மூடிக் கிடக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம், இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

லென்ஸில் பார்த்தேன். கல் முழுக்க வெடிப்பு. வெடிப்புகளுக்குள் ஓடியிருந்த சலவைக்கல்தான் துண்டுகளை ஒன்றாகப் பிடித்துவைத்திருந்தது.

"சலவக்கல்ல அசிட்ல கரச்சு இத வெளிய எடுக்கப் போறன். ஸ்பினெல் கரயாதே?"

"ஸ்பினெல் கரயாது ஹாஜியார்."

பொய்யில்லை. மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன். தேனாக இனித்தது.

மூன்றாம் நாள் மூச்சு வாங்க வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நீலச் சில்லுகள்.

"தானா ஒடஞ்சிச்சு மகள்! என்ட யாவாரப் பங்காளி, நான் கல்ல மாத்திட்டனெண்டு ஊரெல்லாம் சொல்றான். இது அதே கல்தானெண்டு ஒரு கடிதம் தாங்க."

"கல் தானா ஒடயுமா ஹாஜியார்?"

அப்போதுதான் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ... சப்ரிட மகளா?"

வாப்பாவை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன். "கல் தானா ஒடயுமெண்டு அவருக்குச் சொல்லுங்க. பொறகு கடிதம் தாறன்."

ஹாஜியார் போனருகே குனிந்தார். "சப்ரி... கல் தானா ஒடயும். ஒங்கட கையில ஒடஞ்சதும் அப்பிடித்தான். நான் செஞ்சது பெரிய பிழ."

ஒன்பது வருடம் காத்திருந்த வார்த்தை. எனக்கு எழுந்து நின்று சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

வாப்பா கேட்டது என்னைத்தான்.

"மகள், நீ லென்ஸ்ல பாத்திருப்பியே. வெடிப்புத் தெரியல்லயா?"

ஹாஜியார் என்னையே பார்த்தார்.

"தெரிஞ்சிச்சு வாப்பா," என்றேன். "நல்லாத் தெரிஞ்சிச்சு."

வாப்பா போனை வைத்துவிட்டார்.