ஒரு சாண் உயரத்தில் அபிஷா

கோர்ட் தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து, ஏற்காடு செல்வமேரியின் ஏழு வயது மகள் அபிஷா தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தாள். ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டது. உயரம் கூடிவிட்டதென்று பஸ் கண்டக்டர் முழு டிக்கெட் கேட்டார்.

காரணம் வெண்ணிலாவுக்குத் தெரியும். பக்கத்து ஊரான தலைச்சோலையில் பிறந்து, கார் கம்பெனி வேலையில் ஜப்பானியம் கற்று, இப்போது பஜார் மாடியறையில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். அந்த ஆங்கிலத் தீர்ப்பை அவள்தான் ஜப்பானியத்தில் எழுத வேண்டும். அபிஷாவின் அப்பா ஒசாகாக்காரர். பிரிந்து அங்கேயே இருக்கிறார். பிள்ளை இருவருக்கும் உரியவள், விடுமுறைக்கு அங்கே போய்த் திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பு. அங்கேயோ, பெற்றோர் பிரிந்தால் பிள்ளை ஒருவருக்குத்தான் என்று எழுதிப் பழகிய சட்டம். இருவருக்கும் உரியவள் என்று பிள்ளை கால் ஊன்ற அங்கே ஒரு சொல் இல்லை. ஒருவருக்கு என்று இருக்கிற சொல்லைப் போட்டால், போன பிள்ளை திரும்பாது. வெண்ணிலா நான்கு வரியில் விளக்கி அனுப்பினாள். விளக்கம் வேண்டாம், ஒரு சொல் போதும் என்று அப்பாவின் ஒசாகா வக்கீல் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு வேறு கேட்டார். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. மழை வந்தால் கரண்ட் போனது, கரண்ட் வந்தால் நெட் போனது. போதாக்குறைக்குச் செல்வமேரி தினமும் மாடியேறி வந்தாள்.

"ஏனுங்க, ஒரு வார்த்தைக்கா இத்தன நாளு? பள்ளிக்கூடத்துல புள்ளய வரிசையில நிக்க வெக்க மாட்டேங்கறாங்க."

"இருந்தா எழுத மாட்டனுங்களா? உள்ள வார்த்தய எழுதுனா உங்க புள்ள அங்கயே நின்னுக்கும். பரவால்லீங்களா?"

செல்வமேரி படியிறங்கிப் போனாள். வெண்ணிலாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருவருக்கும் உரியவள் என்று வருகிற இடத்திலெல்லாம், 'இந்தப் பிள்ளைக்கு இரண்டு வீடு. எதிலிருந்து போனாலும் அதற்கே திரும்பி வரும்' என்று முழுசாக எழுதினாள். தீர்ப்பு இரண்டு மடங்கு பருத்தது. இனி ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன், வேறு ஆள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டுப் போனை அணைத்தாள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அங்கத்திய கோர்ட் அப்படியே பதிந்துகொண்டது.

அபிஷா கீழே இறங்கவில்லை. அப்படியே விமானம் ஏறினாள். விடுமுறை முடிந்ததும், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் திரும்பியும் வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு அழைக்கப் போயிருந்த வெண்ணிலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, வாசலில் செல்வமேரி மகளை மறித்தாள்.

"காலக் கழுவீட்டு ஊட்டுக்குள்ள வா, கண்ணு."

"மண்ணே படலியேம்மா."

"படலீன்னா? அத்தன தூரம் போயிட்டு வந்த காலுதான? கழுவு."

வெண்ணிலா பெட்டியை வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அதிகம் குனிய வேண்டியிருக்கவில்லை.