இலகு ரயிலுக்குக் கட்டிய காப்பு

திருநெல்வேலியில் இலகு ரயிலுக்குக் கால் நாட்டிய நாளிலிருந்து, ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் குமரகுருபரனால் மாநகராட்சி எல்லையைத் தாண்ட முடியாமல் போயிற்று. தடுத்தது யாருமில்லை. ராதாபுரம் பஸ்ஸில் ஏறுவார், ஜன்னலோரமாக உட்காருவார், டிக்கெட்டும் வாங்கிவிடுவார். ரெட்டியார்பட்டி மலையை வெட்டிப் போட்ட சாலையைத் தாண்டி ‘மாநகராட்சி எல்லை முடிவு, நன்றி’ என்ற பலகை வந்ததும் பஸ் போய்விடும், அவர் நின்றுவிடுவார். நின்றுவிடுவார் என்பதுகூடச் சரியில்லை. பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே சாலையோரத்து மண்ணில், கால்மேல் கால் போட்டபடி உட்கார்ந்திருப்பார். சிராய்ப்புகூடப் படாது. முதல் தடவை பக்கத்து இருக்கையில் இருந்த வள்ளியூர்க்காரர், சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட மனசு வராமல், நாங்குநேரிவரை காலி இருக்கையிடமே சொல்லி முடித்தாராம்.

மற்ற ஊர்களில் முதலில் ஆய்வு செய்வார்கள், பிறகு கால் நாட்டுவார்கள். நம் ஊரில் நல்ல நாள் முந்திக்கொண்டது. மார்கழி பிறந்துவிட்டால் ஒரு மாதம் எதையும் தொட முடியாது என்பதால், டவுண் ஆர்ச்சிலிருந்து ஜங்ஷன் வழியாகப் பாளையங்கோட்டைக்கு ஓடப்போகிற குட்டி ரயிலுக்குக் கார்த்திகைக் கடைசியிலேயே வண்ணார்பேட்டையில் கால் நாட்டிவிட்டார்கள். அந்த ரயில் போடுகிற காசுக்குத் தகுமா தகாதா என்று பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பைக் குமரகுருபரனிடம் அதற்குப் பிறகுதான் கொடுப்பதாக ஏற்பாடு. பேசிவைத்திருந்த ஐயருக்கு அன்றைக்கென்று வேறு கிரகப்பிரவேசம் வந்துவிட, கடைசி நேரத்தில் பாபநாசம் என்கிற பூசாரியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாக்கள் மட்டுமே நடத்திப் பழக்கப்பட்டவர். கால் நாட்டினால் அடுத்தது காப்புக் கட்டு. அவர் கைக்குத் தெரிந்த வரிசை அதுதான். மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தால் பெரிய மனிதர்களின் கார்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பந்தலில் மிச்சமிருந்த ஒரே அதிகாரித் தோற்றம், இலையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த குமரகுருபரன்.

“கைய நீட்டுங்க அண்ணாச்சி” என்றார் பூசாரி. இவரும் சுண்டலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நீட்டிவிட்டார். காப்புக் கட்டியவன் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது நெல்லைச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ரயிலுக்கு ஏது கொடை, சும்மா சம்பிரதாயம்தானே என்று நினைத்துவிட்டார். பிறகு கத்தரிக்கோல் வைத்து வெட்டிப் பார்த்தார், கத்தரிக்கோல் மழுங்கிற்று. மஞ்சள் காயவே இல்லை. சட்டைக் கைகள் எல்லாம் கறையானதுதான் மிச்சம். பூசாரியைத் தேடிப் போனார். அவரும் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொடை முடிஞ்சாத்தான் அவுக்க முடியும். ஒங்க கொடை ரயிலு. அது ஓடணும்லா” என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

இதில் குமரகுருபரனுக்கு என்ன நஷ்டம், ஊருக்குள்ளேயே ராஜா மாதிரி இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவருடைய மனைவியைத் தெரியாது. ராஜராஜேஸ்வரி அறிவியல் ஆசிரியை. செம்மணல் தேரிக்காட்டிலும் பனங்காட்டிலுமாகப் பல பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து, கடைசியில் ராதாபுரத்துக்குத் தலைமை ஆசிரியையாகப் போனவர். முப்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வருவார். ஒரு வாரத்துக்குப் பொடி இடித்து, துணி துவைத்து, வீட்டைப் பெருக்கி ஒதுக்கிவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவார். “அடுத்த வாரம் நான் வாரேன் ராஜி” என்று குமரகுருபரன் முப்பது வருடமும் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியையாக அவர் நடத்திய முதல் ஆண்டு விழாவுக்காவது கணவர் வருவார் என்று முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாரும் உட்கார்ந்துவிடாமல் அதன்மேல் தன் கைப்பையை வைத்திருந்தார் அந்த அம்மாள். விழா முடிகிறவரை கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. அதே நேரத்தில் இந்த மனுஷன் வண்ணார்பேட்டையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. “முப்பது வருசம் நான் வந்தாச்சு. இனி நீங்க வாங்க. வந்தாத்தான் பேச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை, அடுத்த வெள்ளியும் வரவில்லை. குமரகுருபரன் வேட்டி சட்டையைப் பையில் எடுத்து வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ராதாபுரத்துக்குப் புறப்பட்டார். புறப்பட்டவர்தான் மேலே சொன்னபடி மண்ணில் உட்கார்ந்தார்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. எல்லையில் அவர்தான் இறங்குவாரே தவிர அவருடைய பை இறங்காது. கண்டக்டர் நல்ல மனுஷன். பையைக் கொண்டுபோய்த் தலைமை ஆசிரியையிடம் பத்திரமாகச் சேர்த்துவிடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ராஜராஜேஸ்வரி பையைத் திறந்தால், உள்ளே இரண்டு வேட்டி, மூன்று சட்டை, சட்டைக் கையெல்லாம் மஞ்சள் கறை. ஆளைக் காணோம். கண்டக்டர் நடந்ததைச் சத்தியம் செய்து சொன்னார். மனிதன் பஸ்ஸின் தகரத்துக்குள் புகுந்து வெளியே போவதற்கு அறிவியலில் இடமில்லை என்று அந்த அம்மாள் அவருக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, “தொவைக்கத் துணி மட்டும் அனுப்பி வைக்காவளா?” என்று பையை அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பினார். குமரகுருபரன் போன் செய்து காப்புக் கதையைச் சொன்னபோது, இத்தனை வருடத்தில் சொன்ன சாக்குகளிலேயே இது ஒன்றுதான் புதுசு என்றார் அந்த அம்மாள்.

ஆகவே காப்பு அவிழ ஒரே வழி, ரயில் ஓட வேண்டும். ரயில் ஓட வேண்டுமானால் போடுகிற காசுக்குத் தகும் என்று அறிக்கை சொல்ல வேண்டும். அறிக்கை எழுத வேண்டியவர் குமரகுருபரன். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரயில் வேண்டும் என்பவர்கள், காப்புக் கட்டின கை வேண்டாம் என்று எழுதுமா என்று சந்தோஷமாக இருந்தார்கள். வழியில் மனை வாங்கிப்போட்டிருந்தவர்கள் அவர் வீட்டுக்குப் பழக்கூடையோடு வந்து, மதினி சௌக்கியமா என்று தவறாமல் கேட்டார்கள். ரயில் வேண்டாம் என்பவர்கள், ஒரு மனுஷனுடைய பெண்டாட்டி கோபத்துக்காக ஊரே ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்ட வேண்டுமா என்று டீக்கடைகளில் கத்தினார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

அவர் மாதக்கணக்கில் அலைந்தார். ஈரடுக்குப் பாலத்தின்கீழ் நின்று பார்த்தார், முருகன்குறிச்சியில் நின்று பார்த்தார். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரமும் விடுகிற நேரமும் சாலை பிதுங்குகிறது. மற்ற நேரமெல்லாம் ரயில் விட்டால் அது ஆற்றுக்காற்றை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வரும். அந்த இரண்டு வேளைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பஸ் விட்டால் தீர்ந்தது. இது அவருக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறக்கத்தான் மற்ற மாதங்கள் ஆயின. ரயிலுக்குச் சாதகமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிற நோயாளியும்கூட தினம் நாலு தடவை டவுணுக்கும் பாளைக்கும் போய்வந்தால் காசுக்குத் தகும் என்று வந்தது. சரி, போகட்டுமே, பிள்ளைக்கும் காற்றாட இருக்கும் என்று அதையே எழுதவும் ஆரம்பித்தார். ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

ரயில் வந்தால் முதலில் அடிபடப்போகிறவர் மரிய அந்தோணி. கடலோர உவரிக்காரர். வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வழியாக ரெட்டியார்பட்டி போய்த் திரும்புகிற மினி பஸ் அவருடையது. ஓட்டுவதும் அவரே. சனிக்கிழமைதோறும் எல்லைப் பலகை அருகே மண்ணில் உட்கார்ந்திருக்கும் குமரகுருபரனைத் தூக்கி, வேட்டியைத் தட்டிவிட்டு, ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது அவர்தான். ரயில் வேண்டாம் என்ற கூட்டத்துக்கே அவர்தான் தலைவர். அறிக்கை கொடுக்க வேண்டிய வாரத்தில், வண்டியை மலைச் சரிவில் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “ரயிலு வேணும்னே எழுதிப் போடுங்க அண்ணாச்சி.”

“ஒம்ம வண்டி என்னாகும் வே?”

“வண்டி கெடக்கு. வித்துட்டு ஊருக்குப் போய் வல பின்னிட்டுக் கெடப்பேன். நீங்க வாராவாரம் மண்ணுல உக்காந்திருக்கதப் பாக்க எனக்குத் தாங்கல.”

“அதுக்காக ஊர்க் காச எல்லாத்தையும் தண்டவாளத்துல கொட்டச் சொல்லுதீராக்கும்?”

“எங்கெங்கயோ கொட்டுதாவ. ஒரு மனுசன் பொண்டாட்டியப் பாக்கக் கொட்டுனா என்ன கெட்டுப்போச்சு?”

தன் ஒருவனுக்காக இந்த மனுஷன் வண்டியை விற்கக் கூடாது என்று குமரகுருபரன் முடிவுகட்டிக்கொண்டார். வேண்டும் என்று எழுது என்று பழக்கூடைக்காரர்கள் சொன்னபோதெல்லாம் வராத தெளிவு, நஷ்டப்படப்போகிறவன் சொன்னபோது வந்துவிட்டது. மறுநாள், இலகு ரயில் போடுகிற காசுக்குத் தகாது, பள்ளிக்கூட நேரத்துக்குப் பஸ் விடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போது காகிதத்திலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

கொடுத்துவிட்டு ராஜராஜேஸ்வரிக்குப் போன் செய்தார். “வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன் ராஜி. வேணும்னு எழுதியிருந்தா என்னைக்காவது இதை அவுத்துட்டு ஒன்கிட்ட வந்திருப்பேன். பொய் எழுதக் கை வரல. இனி என்னால வர முடியாது. ஒன்னப் பாக்கணும்னு இருக்கு.” கடைசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ராஜராஜேஸ்வரி கேட்டார்: “அந்தப் பலகை எங்கன இருக்கு?”

சனிக்கிழமை அவர் ராதாபுரத்திலிருந்து வந்து பலகைக்கு அந்தப் பக்கம் இறங்கினார். இந்தப் பக்கம் குமரகுருபரன் கையில் தூக்குச்சட்டியோடு நின்றார். உள்ளே தேங்காய்ப்பால் விட்ட சொதி. அவரே வைத்தது. ராஜராஜேஸ்வரி சட்டியைக் கவனிக்கவில்லை, சோதனையைத் தொடங்கிவிட்டார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பலகையை விட்டுத் தள்ளி வயல் வழியாக வரச் சொன்னார். பின்னோக்கி நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குமரகுருபரன் இந்தப் பக்கத்து மண்ணிலேயே அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அறிவியல் ஆசிரியை கடைசியில் மூச்சு வாங்க நின்று, “நெசந்தான் போல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, சட்டியை வாங்கித் திறந்து, ஒரு வாய் தின்றுவிட்டு, “இஞ்சி கூடிப்போச்சு” என்றார்.

நீ இந்தப் பக்கம் வரலாமே, உன் கையில் காப்பு இல்லையே என்று குமரகுருபரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். முப்பது வருடம் தாண்டி வந்தாயிற்று, இனி பாதி வழிதான் என்று ராஜராஜேஸ்வரி சொல்லிவிட்டார். சொல்வதிலும் தப்பில்லை. அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியிலும் இவர் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியிலுமாகச் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் பைய ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அறிக்கையை அரசாங்கம் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ரயில் பரிசீலனையில் இருக்கிறது. பஸ்ஸும் பரிசீலனையில் இருக்கிறது. ஆனால் மாநகராட்சியை விரிவாக்குவது என்று ஒரு பேச்சு வந்தபோது, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நின்று ஆதரித்தவர் குமரகுருபரன். இலகு ரயிலோடு ஒப்பிட்டால் எல்லைப் பலகையைப் பிடுங்கித் தள்ளி நடுவதற்குச் செலவே கிடையாது, போடுகிற காசுக்கு இதைவிடத் தகுந்த திட்டம் உண்டா என்று கேட்டார். பலகைக்கு அந்தப் பக்கத்துப் பொன்னாக்குடிக்காரர்கள் வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று முரண்டு பிடித்தார்கள். இன்னதுக்காக என்று தெரிந்ததும், “அத முதல்லயே சொல்லப்படாதா” என்று கையைத் தூக்கிவிட்டார்கள். பலகை நகர்ந்த அன்று மரிய அந்தோணி மினி பஸ்ஸில் இரண்டு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புது எல்லையில் இறக்கினார். அதற்கடுத்த விரிவாக்கத்தில் பலகை ராதாபுரம் பக்கமாக இன்னும் நகர்ந்தபோதும் அவர்தான் இறக்கினார்.

ராஜராஜேஸ்வரி ஓய்வுபெற்ற பிறகும் ராதாபுரத்திலேயே வீடு வாங்கி இருந்துகொண்டார். வாசலில் நிற்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள், என்ன டீச்சர், வீடு வாங்கி இத்தனை நாளாச்சு, சார் இன்னும் வரவில்லையா என்று கேட்பதுண்டு.

“வந்துக்கிட்டிருக்காவ” என்பார் அந்த அம்மாள். “பொன்னாக்குடி தாண்டியாச்சு. இப்போ மூணடைப்புகிட்ட வாராவ.”

அப்படியா, சரி சரி என்று அவர்களும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.