துண்டு காயும் செம்புக் குழாய்

தன் அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரை ஒரு முழ நீளத்துக்கு உடைத்துப் பார்த்ததுமே பிளம்பருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹீட்டரிலிருந்து வரும் செம்புக் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. பக்கத்திலேயே குழாயை இணைக்கிற நட்டு பிளந்து கிடந்தது. மேலே தங்கமாக மினுங்கிய பித்தளை, உள்ளே சாம்பல் நிறத்தில் என்னமோ ஒரு மட்ட உலோகம். மாட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாட்டியது வேறு யாருமில்லை, இவனேதான்.

"ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வேலை செய்யிற. அக்கா வீடுன்னா மட்டும் ஏனோதானோவா?" இடுப்பில் கை வைத்துக் கதவை மறித்து நின்றாள் அக்கா. "சாயங்காலம் என் பொண்ணு ஆஸ்பத்திரியிலேர்ந்து கைக்குழந்தையோட வர்றா. வெந்நீருக்கு நான் எங்கே போவேன்? இனிமே வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன், போ."

மற்றதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. அந்த 'வேற ஆள்' மட்டும் சுருக்கென்று தைத்தது. அம்மா போன பிறகு, கேட்காமலே தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட உட்கார அவனுக்கு இருந்தது இந்த ஒரு வீடுதான்.

வாயைத் திறந்தால் தப்பித்துவிடலாம். குழாயையும் ஃபிட்டிங்கையும் வாங்கிவந்தவர் அக்காவின் கணவர். எந்தக் கடையில் எது மலிவு என்று மோப்பம் பிடித்துப் போய்விடுகிற மனிதர். அன்றைக்குப் பையை அவிழ்த்து, "எப்படி?" என்று கேட்டபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. குழாயைக் கையில் வாங்கியதுமே இவனுக்குத் தெரிந்துவிட்டது. கனமே இல்லை. வளைக்கப் போனால் மடங்கியது. உள்ளே மணலை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல வளைத்தான். ஒரு தொழிலும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் சோறு போட்ட அத்தானிடம், இது ஆகாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பெரிய தியாகம்தான்! அவனுடைய நன்றி விசுவாசமெல்லாம் தண்ணீருக்குத் தெரியுமா?

மிச்சமான குழாயையும் அத்தான் வீணாக்கவில்லை. துண்டு காயப்போடக் குளியலறையிலேயே மாட்டிவைத்தார். ஒரு ஈரத் துண்டின் பாரம்கூடத் தாங்காமல் அது நடுவில் தொங்கிப்போயிருந்தது.

"தப்பு என்னோடதுதான்க்கா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்."

"அதைச் சொல்ல வெக்கமா இல்ல?" அக்கா விடுவதாக இல்லை. அவன் கையைத் திட்டினாள், கண்ணைத் திட்டினாள், அவனை நம்பிய தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தான் காதைச் சொறிந்தார், தரையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்து, காய்ந்துகொண்டிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் குழாயைப் பிடுங்கி முழங்காலில் வைத்து அழுத்தினார். சத்தமே இல்லாமல் அது இரண்டாக மடிந்தது.

"அவனை விடு. இந்த லட்சணத்துல வாங்கிட்டு வந்தது நான். என் முகத்துக்காகத்தான் அவன் பேசாம மாட்டினான்."

"அப்பாடா!" என்றாள் அக்கா. "இது தொங்கினப்பவே உங்க சரக்கு மட்டம்னு எனக்குத் தெரியும். அவனைத் திட்டினாலாவது உங்க வாய் திறக்குதான்னு பார்த்தேன். இவ்வளவு நேரமா?"

பிளம்பருக்குப் போன உயிர் வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. "அப்போ நான் வாங்கின திட்டெல்லாம்?"

"அது உனக்கும் சேர்த்துதான்டா." அவள் குரல் தணிந்தது. "தெரிஞ்சே மாட்டியிருக்க. அக்கா வீட்டுல சொல்லாததை வேற எங்கடா போய்ச் சொல்லப்போற?"

அவனுக்குக் கண் கலங்கியது. சிமெண்ட் தூசிமேல் பழியைப் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அத்தான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "என்னென்ன வேணும்னு எழுதிக் கொடு. நான் ஓடிப் போய்..."

"வேண்டாம் அத்தான்," என்றான் பிளம்பர். "உங்களுக்குக் குழாய் வாங்கத் தெரியாது. நானும் வர்றேன்."

அத்தான் அவனையே பார்த்தார். பிறகு பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு முன்னால் படியிறங்கினார்.