காற்றில்லாக் குழாயில் றிம்சானை ஏற்றுவது

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு றுஸ்தாவின் கணவர் றிம்சான் வெளிநாட்டுப் பாலைவனமொன்றில் வெல்டிங் வேலை செய்கிறார். நீண்ட இரும்புக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு, அதற்குள் ரெயில் பெட்டியொன்றை மணிக்கு அறுநூறு கிலோமீற்றரில் ஓட்டிப் பார்க்கிறார்களாம்.

"வாற வெள்ளிக்கிழம முதல்தரமா ஆக்கள ஏத்திறாங்க மாமி. என்ட பேரும் இரிக்கி" என்று வட்ஸ்அப்பில் சொன்னார். அன்றே பேனையை எடுத்தேன்.

2

தொடக்கம் ஒன்று: 'மின்னலைப் போல…' (வெட்டிவிட்டேன். மின்னலில் ஏறிப் போனவர் யார்?)

தொடக்கம் இரண்டு: 'சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி எடுத்த வுழூவோடு கல்முனையில் ஏறியவர், அதே வுழூவோடு கொழும்பில்…' (ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் வளைவு ஆகாதாம். நடுவிலிருக்கும் மலைகளையெல்லாம் நேராகக் குடைய வேண்டும். கதையைப் பாலைவனத்துக்கே திருப்பியனுப்பினேன்.)

3

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதியதை நான் வாசிக்க, றுஸ்தா அபாயா தைத்துக்கொண்டே கேட்பாள். அன்று வாசித்தேன்: 'நடுவழியில் பெட்டி நின்றது. றிம்சான் கதவைத் திறந்து இறங்கி, சோம்பல் முறித்தார்.'

தையல் மிஷின் நின்றது.

"இதென்ன மாமி, கொழும்பு பஸ்ஸா? பழுதானா இறங்கித் தேத்தண்ணி குடிக்க?"

"நம்மட ஊருக்கு எப்ப புள்ள ரெயில் வந்த? எனக்குத் தெரிஞ்சது பஸ்தான்."

"குழாய்க்குள்ள காத்தில்லண்டு நீங்கதானே எழுதின. கதவத் திறந்தா மூச்சடைச்சி மௌத்து."

சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அப்ப, நிண்டா எப்பிடி இறங்கிற?"

அதற்கு என் கதையில் வரியில்லை. றுஸ்தா கணவரை அழைத்தாள்.

4

அவருக்கும் தெரியவில்லை. பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு மறுநாள் பேசினார்.

"குழாய்க்குள்ள திரும்பக் காத்து நிரம்ப நாப்பது நிமிசமாம். அதுக்கு மறுகாதான் கதவத் திறக்கலாமாம். பெட்டிக்குள்ள இரிக்கிற காத்து எத்தின நிமிசத்துக்குக் காணுமெண்டு, ஆக்கள வெச்சி இன்னும் அளக்கல்லயாம்."

"அளக்காமலா ஏறப்போறீங்க?"

"முத ஆளா ஏறினா மறுகா காலத்துக்கும் பேர் இரிக்கும், றுஸ்தா."



5

முடிவு அ: ஏறினார், பறந்தார், சுகமாக இறங்கினார். (றுஸ்தா சொன்னாள்: "இது அல்லாஹ்ட்ட கேக்கிற துஆ மாமி. கதையில்ல.")

முடிவு ஆ: நடுவில் பெட்டி நின்று, முப்பதாவது நிமிடத்தில்… (எழுதமாட்டேன்.)

முடிவு இ: அளக்கும்வரை ஏறமாட்டேன் என்று பெயரை வெட்டச் சொன்னார். (றிம்சான் சிரித்தார்: "என்னப் பயந்தவனாக்கிட்டீங்களே மாமி.")*

* பயமில்லையென்று அவர் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

இத்தனை வருடமாக, நல்ல கதை என்றவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். கதையின் நடுவில் மிஷினை நிறுத்தியவளுக்கு இன்றுதான் சொல்கிறேன். அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும், மகள்.

இன்று புதன்கிழமை. முடிவை உங்களிடம் தருகிறேன், என் மக்காள். றிம்சானை நீங்கள் ஏற்றலாம். ஏற்றுவதானால், நான் வெறுமையாக விட்டிருக்கும் இந்த இடத்தை முதலில் நிரப்புங்கள்:

பெட்டிக்குள் இருக்கும் காற்று, ……… நிமிடம்.