வலப்பக்கம் போன விரல்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவனுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. தரகர்களே அலுத்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் பில் போடும் அக்காதான், சும்மா ஒரு மாதம் போட்டுப் பார், பிடிக்காவிட்டால் தூக்கிவிடு என்று அவன் போனில் டேட்டிங் ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். சோதனைதானே என்று அவனும் தலையாட்டினான். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடக்கூடாது. அப்பா இறந்து, தங்கையும் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டாள்.

அன்று காலை பஸ்ஸில் நின்றபடி போனில் முகங்களைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிடித்தால் வலப்பக்கம், வேண்டாமென்றால் இடப்பக்கம். வயது வரம்பு கேட்ட இடத்தில் எதையும் தொடாமல் விட்டிருந்ததால் சின்னப் பெண்களும் வந்தார்கள், பெரியவர்களும் வந்தார்கள். திடீரென்று அம்மா வந்தாள்.

தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். அம்மாவின் தோளில் கிடந்த அவன் கையை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'பேச்சுத் துணை வேண்டும். சமைக்க ஆள் தேடுகிறவர்கள் தள்ளிப் போகவும்.'

பஸ் பிரேக் போட்டது. கம்பியைப் பிடிக்கப் போன அவசரத்தில் விரல் வலப்பக்கம் வழுக்கியது. திரையில் ஒரு சிவப்பு இதயம் துள்ளியது. உங்கள் விருப்பத்தை அவருக்குத் தெரிவித்துவிட்டோம் என்றது ஆப்.

 திரும்பப் பெற வழி தேடினான், கிடைக்கவில்லை. ஆப்பையே அழித்தான். இருந்தும், அம்மாவின் போனில் தன் முகம் அழிந்திருக்குமா, இன்னும் இருக்குமா என்று தெரியவில்லை. கடையில் இடக்கண் லென்ஸை வலக்கண்ணுக்குத் தேய்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மதியத்துக்குமேல் வெட்கம் போய் வேறொரு பயம் பிடித்தது. அம்மாவோடு யார் யாரெல்லாம் பேசுகிறார்களோ? எப்பேர்ப்பட்ட ஆளோ?

சாயங்காலம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்த நீலச் சட்டை போட்டோவை மாத்துடா. ஜாமீன்ல வந்தவன் மாதிரி இருக்க."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "கை தவறிப் பட்டுடுச்சும்மா."

"தெரியும். இல்லேன்னா உன்னைப் பெத்ததுக்கு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?"

சிரித்துவிட்டாள். ஆனால் மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஒருவரோடு கொஞ்ச நாளாகப் பேசுகிறாளாம். எக்ஸ்ரே எடுக்கிறவர், மனைவி இல்லை. பார்க்கலாமா என்று கேட்கிறார். அவனிடம் எப்படிச் சொல்வதென்று பயந்து வாராவாரம் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

கேட்க ஆயிரம் இருந்தது. "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றுதான் வாயில் வந்தது.

"அவதான் போட்டோவை வெட்டிக் கொடுத்தா."

அது அவனுக்குச் சுருக்கென்றது. அவள் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்து வைத்தான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

காபிக் கடை வாசலில் அவளை இறக்கிவிட்டு எதிர்ப்புறம் மருந்துக்கடை ஓரமாக நின்றான். அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தான். நெட்டையான மனிதர், எழுந்து நின்று வரவேற்கப்போய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். அம்மா தன் கைக்குட்டையை நீட்டினாள். அரை மணி போயிற்று. அவள் வரவில்லை. என்ன பேச்சோ, ஏதாவது ஏமாற்று வேலையோ என்று சாலையைத் தாண்டப் போய்த் திரும்பி வந்தான். போன் அடித்தான், அம்மா வெட்டிவிட்டாள்.

பிறகு அவளே வாசலுக்கு வந்து, நீ போ, நான் வந்துக்கிறேன் என்று கையால் விரட்டினாள். பல வருடமாக அவன் பார்க்காத சிரிப்பு முகத்தில் இருந்தது.

அவன் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவள் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து மறுபடி நிறுத்தினான்.