இன்சார்ஜ் மேடத்தின் இரண்டாவது கடிதம்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருப்பதியில் தனியார் பள்ளி ஆசிரியர் சங்கம் இன்சார்ஜ்களுக்கு ஒரு மாலை வகுப்பு நடத்துகிறது. இன்சார்ஜ் என்பவர் வகுப்பாசிரியருக்கு மேலே, தலைமையாசிரியருக்குக் கீழே. இரண்டு பக்கமும் பதில் சொல்லியாக வேண்டியவர். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொன்னால் என்ன செய்வது என்பதுதான் பாடம். நான் தேதி போட்டுக் குறிப்பெடுப்பவள். எனக்கு முன்வரிசையில் ஸ்வர்ணலதா. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் பள்ளி இருக்கும் ஊர், தமிழும் தெலுங்கும் கலந்த புத்தலப்பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'ஸ்வர்ணலதா அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம்...' வேண்டாம். அவர் எத்தனை மணிக்கு எழுந்தால் யாருக்கு என்ன?

இரண்டாவது: 'ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வேன் டிரைவரைப் பற்றித் தன் வகுப்பாசிரியை யாமினியிடம் ஒன்று சொன்னாள்.' இது நிற்கும். [அவள் சொன்னது இந்த இடத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

யாமினி அதை அவள் சொன்னபடியே தமிழில் ஒரு நோட்டுத்தாளில் எழுதி ஸ்வர்ணலதாவிடம் கொடுத்தாள். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியரின் மேசைக்கு எது போனாலும் தெலுங்கில், அடித்தல் திருத்தல் இல்லாமல் போக வேண்டும். ஸ்வர்ணலதாவின் கையெழுத்து அழகு. 'மாணவிக்கு வேனில் அசௌகரியம்' என்று நாகரிகமாக எழுதினார். யாமினியின் தாளை நான்காகக் கிழித்துப் போட்டார்.

தலைமையாசிரியர் ஜெயபிரகாஷ் படித்துவிட்டு, வேனில் அவள் உட்காரும் இடத்தை மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினார்கள். மறுநாளும் அதே டிரைவர்தான் அந்த வேனை ஓட்டினார்.

3

ஜெயபிரகாஷை முதலில் வில்லனாக எழுதினேன்.* பிறகு அடித்துவிட்டேன். தன் கைக்கு வந்த தாளுக்கு அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். எனக்குப் பயமே அதுதான்.

* முரட்டு மீசைகூட வைத்திருந்தேன்.

4

அன்று மாலை வகுப்பில் சங்கச் செயலாளர் கிருஷ்ணப்பா, பிள்ளையின் வார்த்தையைத் திருத்தாமல் எழுதச் சொன்னார். எங்கள் எச்எம் எழுத்துப்பிழை இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார் என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. டீ இடைவேளையில் கிருஷ்ணப்பாவைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். நான் பின்னால், டம்ளரும் கையுமாக.

"ரஃப் பேப்பர்தானேன்னு கிழிச்சிட்டேன் சார்."

"பரீட்சைக்குத்தான் மேடம் ஃபேர் காப்பி. புள்ள சொன்னதுக்கு ரஃப்புதான் ஒரிஜினல்."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி கேட்கட்டுமா என்றார் ஸ்வர்ணலதா. கூடவே கூடாது, பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள் என்றார் அவர். முதலில் இப்போதே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். அதற்கு எச்எம்மின் அனுமதி வேண்டியதில்லை. யாமினி தான் கேட்டதை இன்றைய தேதி போட்டு மீண்டும் எழுதட்டும். தாளைக் கிழித்ததை நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

"என் தப்ப நானே எழுதிக் குடுத்தா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்களே சார்."

"கூப்ட்டா தனியா போவாதீங்க. பக்கத்து நாற்காலில நான் உக்காந்துக்கினு இருப்பேன். அது சங்கத்து வேலை. எழுதறது உங்க வேலை."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) குப்பைக்கூடையில் நான்கு துண்டுகளும் கிடைக்கின்றன. சினிமா. அடித்தாயிற்று.

ஆ) ஜெயபிரகாஷ் மனம் மாறி ஸ்வர்ணலதாவைப் பாராட்டுகிறார். எழுதும்போதே கை கூசியது.

இ) ஸ்வர்ணலதா மாடிப்படியில் நின்று போன் செய்கிறார். பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்கிறார். என் நோட்டிலிருந்தே கிழித்துக் கொடுக்கிறேன். படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்துத் தமிழில் எழுதுகிறார்: 'மாணவி சொன்னதை நான் மாற்றி எழுதினேன். மூலத்தாளைக் கிழித்ததும் நான்தான்.' ஓர் இடத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. வேறு தாள் நீட்டுகிறேன். வாங்கவில்லை. கையெழுத்துப் போடுகிறார்.

இது நான் கண்ணால் பார்த்தது.

6

அந்தப் பெண் என்ன ஆனாள், டிரைவர் என்ன ஆனார், ஸ்வர்ணலதாவின் வேலை நிலைத்ததா? எனக்கும் கேட்கத் தோன்றியது. அடுத்த வாரம் வகுப்பில் கேட்டும்விட்டேன்.

ஸ்வர்ணலதா என் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அத நீ தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற, சொல்லு."

நோட்டை மூடினேன். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால், கதையை நீங்கள் முடியுங்கள்.